ஆற்றங்கரைக்கு ஒரு டிவிஷன்

யுத்தம் முடிந்திருந்தது, ரேஷன் முடியவில்லை. மயிலாப்பூரின் தெற்குக் கோடியில், அடையாற்றை ஒட்டிய ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியையாக இருந்தேன். வயது இருபத்து நான்கு. அப்பாவும் ஆசிரியர். தாத்தா மாதா கோயிலில் உபதேசியார். எழுந்து நின்று மாட்டேன் என்று சொன்னவர்கள் எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் இல்லை.

மாட வீதிகளிலிருந்து ஆற்றங்கரை வரை அப்போது கார்ப்பரேஷன் தேர்தலுக்கு ஒரே டிவிஷன், அதாவது ஒரே வார்டு, ஒரே உறுப்பினர். எல்லோருக்கும் ஓட்டு வராத காலம். குடிசைகளில் ஓட்டு உள்ளவர்கள் கொஞ்சம் பேர்தான். பங்களாக்காரர்களின் ஓட்டே உறுப்பினருக்குப் போதும் என்பதால் அவர் ஆற்றங்கரைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. நூறு குடிசைகளுக்கு மேல் இருந்தன, குழாய் ஒன்றுதான். என் வகுப்புப் பெண்கள் பாதிப் பேர் தண்ணீர் பிடித்துவிட்டு, பாவாடை நனைந்தபடி முதல் மணி தாண்டித்தான் வருவார்கள்.

டிவிஷன்களைச் சின்னதாகப் பிரிக்கப் போகிறார்கள் என்று பேப்பரில் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சின்ன டிவிஷனில் இவர்களுடைய ஓட்டுக்கும் கனம் இருக்குமே! வரைபடத்தைப் பார்க்கக் கார்ப்பரேஷன் ஆபீஸுக்குப் போனேன். டிவிஷன்களைப் பிரிக்கும் சிவப்புக் கோடு எங்கள் குழாயடிச் சந்து வழியாகவே போயிற்று. குடிசைகளில் பாதி ஒரு டிவிஷன், மீதி இன்னொன்று. இரண்டிலும் பங்களாக்கள்தான் அதிகம். அதைவிட மோசம், அந்த இடத்தில் குடிசைகளே வரைந்திருக்கவில்லை. நாலைந்து மரங்களைப் போட்டு, தோப்பு என்று எழுதியிருந்தார்கள்.

என் மாணவி ஒருத்தியின் அம்மாவிடம் முதலில் சொன்னேன். அவள் சித்தாள். மாம்பலம் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த மாடி வீடுகளுக்குச் சுண்ணாம்பு சுமந்தவள். கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"தோப்பா? இன்னா தோப்பு? நான் இன்னா மரத்துலயா குடித்தனம் பண்ணிக்கினு கீறேன்?"

"ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம். இன்னும் பத்து நாள் இருக்கு."

"நீ எழுது டீச்சரம்மா. கையெழுத்து, கைநாட்டு எல்லாம் நான் வாங்கியாறேன்."

நான் இங்கிலீஷில் எழுதினேன். அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். அவள் புருஷன் தச்சர், அதிகம் பேசாதவர். தன் அளவுகோலை எடுத்து வந்து சந்து சந்தாக அளந்தார். அவர் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடத்துச் சார்ட் தாளில் ஒவ்வொரு குடிசையையும் கட்டம் கட்டமாக வரைந்தேன். மனுவின் கடைசியில் என் கையெழுத்தையும் போட்டேன்.

அது எப்படியோ எங்கள் தலைமையாசிரியை காதுக்குப் போய்விட்டது. அறைக்குள் கூப்பிட்டார்.

"இதெல்லாம் நமக்கு எதுக்கு? உன் பேரை மட்டும் அடிச்சிடு. மத்ததை அவங்க பாத்துக்கட்டும்."

"அடிக்க மாட்டேன், மேடம்."

சொன்ன பிறகுதான் அதைச் சொன்னது நான் என்று எனக்கே உறைத்தது. மறுவாரம் எட்டாம் வகுப்பை என்னிடமிருந்து எடுத்து, அரிச்சுவடி வகுப்பில் போட்டார்கள். அப்பா இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது, "வேலை போனா என்ன செய்வே?" என்று கேட்டார். "வேற வேலை தேடுவேன்" என்றேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

மனுவை விசாரித்த நாளன்று நாங்கள் நாற்பது பேர் கார்ப்பரேஷன் ஆபீஸுக்குப் போனோம். அதிகாரி இரண்டு பேரைத்தான் உள்ளே விடுவேன் என்றார். நானும் சித்தாளும் போனோம். அன்று கூலி போயிற்றே என்ற முகவாட்டம் அவளிடம் துளியும் இல்லை. அதிகாரி கெட்டவர் அல்ல, அலுத்துப்போனவர். மனுவைப் புரட்டினார்.

"கோடு எங்கேயாவது போய்த்தானே ஆகணும், அம்மா? உங்க சந்து வேணாம்னா இன்னொருத்தர் சந்து."

"ஆத்தோரமா போவட்டும், ஐயா," என்றாள் அவள். "மேக்கால பெரிய ரோடு கீது, அத்தோட போவட்டும். எங்க வூட்டு நடுவுல இன்னாத்துக்கு வரணும்?"

"படத்துல அங்கே வீடே இல்லையே."

நான் சார்ட் தாளை அவர் மேஜைமேல் விரித்தேன். மடக்கிய இடங்களில் கசங்கியிருந்தது. அவள் குனிந்து ஒரு கட்டத்தில் விரலை வைத்தாள்.

"இது என் வூடு. இங்கதான் மூணு புள்ள பெத்தேன். இந்தாண்ட என் மாமியார். தோப்புன்னு எழுதினவர இட்டுக்கினு வாங்க. எந்த மரத்துக்கு எந்தப் பேருன்னு அவரே சொல்லட்டும்."

பக்கத்திலிருந்த குமாஸ்தா சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. எங்கள் தாளையும் அவருடைய படத்தையும் மாற்றி மாற்றி வெகுநேரம் பார்த்தார். "தாளை விட்டுட்டுப் போங்க," என்று மட்டும் சொன்னார்.

திருத்திய பட்டியல் வந்தபோது கோடு பெரிய ரோட்டுக்குப் போயிருந்தது. ஆற்றங்கரை முழுவதும் ஒரே டிவிஷனில் இருந்தது.

தேர்தலில் தச்சரை நிறுத்தினோம். அவரை எதிர்த்து நின்றவர் ஒரு வக்கீல். வேட்பாளர் ஆளுக்கு ஒரு நிறத்தில் ஓட்டுப் பெட்டி. எங்களுக்கு வந்தது நீலம். மாலையில் பள்ளி விட்டதும் நான் தெருத் தெருவாகப் போய் நீலப் பெட்டி, நீலப் பெட்டி என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். கதவை முகத்தில் சாத்தியவர்களும் உண்டு. மாதா கோயில் வாசலில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தியவர்களும் உண்டு. ஓட்டுப் போடும் நாளில் அப்பா வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு தனியாகப் போய் வந்தார். எந்தப் பெட்டி என்று நான் கேட்கவில்லை.

தோற்றோம். வக்கீல்தான் ஜெயித்தார். ஆனால் அவர் நினைத்திருந்ததைவிட ஓட்டு வித்தியாசம் மிகக் குறைவு. எண்ணி முடிக்கும்வரை அவர் ஆட்கள் மாலையை வெளியே எடுக்கவில்லை.

மறுநாள் வெற்றி ஊர்வலம் பெரிய ரோட்டில் வந்தது. திறந்த காரில் வக்கீல், முன்னால் பேண்டு. நாங்கள் ஓரமாக நின்றோம். தச்சர் தலையைக் குனிந்திருந்தார். திடீரென்று சித்தாள் ரோட்டில் இறங்கிக் காருக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். பேண்டு நின்றது.

"நவுரும்மா!" என்று யாரோ கத்தினார்கள்.

"நவுர மாட்டேன். ஐயா, நீங்க ஜெயிச்சிட்டீங்கோ, சந்தோசம். இப்போ எங்களுக்கும் நீங்கதான் மெம்பரு. எறங்கி வந்து எங்க குழாயப் பாருங்கோ."

"நாளைக்கு வரேன், அம்மா."

"நாளைக்கு வாணாம். இன்னிக்கே வாங்கோ."

அவள் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள் ரோட்டில் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். அவர்களோடு தோள் சேர்த்து நின்றேன். வக்கீல் எங்களைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். மாலையைக் கழற்றி டிரைவரிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினார். குழாயடிச் சந்தின் சேற்றில் அவருக்கு வழி காட்டிக்கொண்டு முன்னால் நடந்தவர் தச்சர்.