இசக்கித்துரை கடையில் உப்புக் கிண்ணம்

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் இறங்கி இசக்கித்துரையின் பரோட்டாக் கடைக்கு வழி கேட்டால் யாரும் கையை நீட்டிக் காட்ட மாட்டார்கள். "ஆறு மணி ஆகட்டும், வாசனையப் புடிச்சே போயிருங்க" என்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சால்னாதான் பலகை.

பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நின்று பரோட்டா போடுவது சங்கரசுப்பு. சால்னா மட்டும் இசக்கித்துரை. இதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதை மறைத்துப் பயனில்லை. "மாவை யாரு வேணும்னாலும் வீசிரலாம்வே. சால்னாவுக்கு நாக்கு வேணும்" என்று வாடிக்கையாளர்களுக்கு முன்னாலேயே சொல்வார். சங்கரசுப்புக்கு இதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவர் வாயில் எப்போதும் வெற்றிலையும் புகையிலையும் நிறைந்திருப்பதால் பதில் சொல்ல வழியில்லாமல் மாவைக் கொஞ்சம் ஓங்கி அடிப்பதோடு விட்டுவிடுவார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அண்டா கொதித்து வரும். இசக்கித்துரை கல்லுப்பை ஒரு கை அள்ளிப் போடுவார். கரண்டியால் கலக்கி, இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்குவார். பத்தவில்லை என்றால் இன்னொரு கை. மறுபடி நக்கல். நாக்கு போதும் என்று சொல்லும்போது கை நிற்கும். இதுதான் கணக்கு. படி, உழக்கு எதுவும் கிடையாது. "அளந்து போடுதவன் மருந்துக்கடை வைக்கணும்" என்பார்.

இந்த மனிதருக்குத்தான் போன தை மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச முகாமில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். நூற்று எழுபது. டாக்டர் அம்மா கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை அழுத்தினார். அதுவும் நூற்று எழுபதுதான்.

இசக்கித்துரை அதை மண்டபத்து வாசலிலேயே மறந்துவிட்டார். அவர் மனைவி பொன்செல்வி மறக்கவில்லை. இசக்கித்துரையின் அண்ணனுக்கு நாற்பத்தொன்பது வயதில் ஒரு பக்கம் விழுந்து, சோற்றை யாராவது ஊட்டிவிட்டால்தான் உண்டு என்று ஆகிப்போனதை அவள் வாரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறவள். அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. காலையில் எழுந்ததும் அடுப்படியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் முதலில் சிக்கியது பாமாயில் பாக்கெட்.

பொன்செல்வி காரியக்காரி. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் வீட்டில் கலவரம் வரும் என்று தெரியும். மாசத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டாள். தையில் செக்கு எண்ணெய் வந்தது. மாசியில் சீனி போய்க் கருப்பட்டி வந்தது. பங்குனியில் வெள்ளை அரிசி பாதியாகி, மீதிப் பாதிக்கு இளையரசனேந்தலில் மழையை நம்பி விளைந்த குதிரைவாலியும் சாமையும் வந்து சேர்ந்தன.

சித்திரையில் காய்கறி. மருந்தடிக்காத கத்திரிக்காய் என்று ஒரு கூடை வாங்கி வந்தாள். நறுக்கினால் ஒவ்வொரு காயிலும் ஒரு புழு நிம்மதியாகக் குடியிருந்தது.

"ஏட்டி, என்னது இது?" என்று இசக்கித்துரை அலறினார்.

"புழு இருந்தாத்தான் நல்ல காய். மருந்து அடிச்சிருந்தா அது உயிரோட இருக்குமா?"

"அது சரி. அப்பம் காய அதுக்கே குடுத்துர வேண்டியதுதான? பாவம், மொதல்ல வந்தது அதுதான?"

பொன்செல்வி புழுவை எடுத்து எறிந்துவிட்டுக் குழம்பு வைத்தாள். அன்றிலிருந்து வீட்டில் சாப்பாட்டின் தரம் புழுவை வைத்தே சொல்லப்பட்டது. புழுவே இல்லாத காய் வந்தால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இவ்வளவும் வெளிப்படையாக நடந்தது. ஒன்று மட்டும் ரகசியமாக நடந்தது. உப்பு. அதைக் குறைக்கப் போகிறேன் என்று சொன்னால் சால்னாக்காரர் அடுப்படிக்குள் வந்து சண்டை போடுவார். அதனால் அவள் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒரு சிட்டிகை குறைத்தாள். அடுத்த வாரம் இன்னொரு சிட்டிகை. இசக்கித்துரையின் நாக்கு ஒவ்வொரு சிட்டிகைக்கும் பழகி, ஒன்றும் நடக்காதது போல அடுத்த வாரத்துக்குத் தயாரானது. ஊரே மெச்சிய நாக்கு, சொந்த வீட்டில் நடந்ததைக் கண்டுபிடிக்கவில்லை.

ராத்திரிச் சாப்பாடும் வீட்டிலிருந்தே போனது. பக்கத்து வீட்டுச் சிஹாபுதீன் ஆட்டோ ஓட்டுகிறவர். தினமும் ஏழு மணிக்குத் தன் வீட்டுக்குப் பரோட்டா வாங்க வரும்போது பொன்செல்வி கொடுத்துவிடும் தூக்குச்சட்டியையும் கொண்டுவந்து வைப்பார். உள்ளே குதிரைவாலிக் கஞ்சி இருக்கும். பரோட்டாக் கடை முதலாளி கஞ்சி குடிப்பதை வாடிக்கையாளர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? இசக்கித்துரை மைதா மூட்டைகளுக்குப் பின்னால் குத்தவைத்து, திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். சிஹாபுதீன் பார்சலோடு கிளம்பிவிடுவார். முன்பெல்லாம் நாலு பரோட்டா வாங்குகிறவர், சித்திரையிலிருந்து ஆறு வாங்கினார். இவரல்லவோ மனுஷன் என்று இசக்கித்துரை நினைத்துக்கொண்டார்.

அந்த மனுஷன்தான் வைகாசியில் முதல் குண்டைப் போட்டார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. சால்னாவுல உப்பு கொஞ்சம் பத்தலன்னு சொல்லுதாவ."

"யாருவே சொல்லுதா?"

"பார்சல் சாப்ட்ட ஆளுதான்" என்று சிஹாபுதீன் ஆட்டோவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

இசக்கித்துரை அண்டாவில் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கினார். அவர் நாக்குக்குக் கச்சிதமாக இருந்தது. "பார்சல் சாப்ட்ட ஆளுக்கு காச்சலா இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்.

ஆனால் காய்ச்சல் பரவியது. தறியிலிருந்து வேலை முடிந்து வருகிறவர்கள் இலையில் சால்னாவை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்துவிட்டு, எதையோ தேடுகிற மாதிரி மேஜையைப் பார்த்தார்கள். வாசுதேவநல்லூர் லாரிக்காரர்கள் இரண்டு பேர் எதிரே புதிதாகத் திறந்த கடைக்கு மாறினார்கள். ஒருநாள் இசக்கித்துரை கடைசி மேஜைப் பக்கம் போனபோது, தண்ணீர் ஜக்குக்குப் பின்னால் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் ஒளிந்திருந்தது. உள்ளே பொடியுப்பு.

"இது யாரு வச்சது?"

சங்கரசுப்பு வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் துப்பிவிட்டுப் பேசிய சந்தர்ப்பங்கள் குறைவு. "நாந்தான் வச்சேன் அண்ணாச்சி. கேக்காவ. என்ன செய்யச் சொல்லுதீங்க?"

"என் கடையில உப்புக் கிண்ணமா?"

வெளியாளுக்கு இது சின்ன விஷயம். சால்னாக்காரனுக்கு அப்படி இல்லை. கடை மேஜையில் உப்பு வைப்பது, இந்த ஆளுக்குக் கை போய்விட்டது என்று எழுதி வைப்பதற்குச் சமம். இசக்கித்துரை கிண்ணத்தைத் தூக்கிக் கழுவுகிற பாத்திரத்தோடு போட்டார். மறுநாள் அது ஜக்குக்குப் பின்னால் மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது. இந்தத் தடவை அவர் அதைத் தொடவில்லை.

அன்றிலிருந்து துப்பறிதல் தொடங்கியது. மிளகாய்த்தூள் அரைக்கும் மில்லை மாற்றினார். தேங்காய்க்காரரிடம் சண்டை போட்டார். பெருஞ்சீரகத்தை மோந்து பார்த்தே அரை நாள் போக்கினார். ஊருக்கே நாக்கு கெட்டுப்போய்விட்டது என்று ஒரு வாரம் சொல்லித் திரிந்தார். கோவில் புற்றுமண்ணைக் கொண்டுவந்து நெற்றியில் பூசி, அடுப்பு மேடையிலும் கொஞ்சம் பூசினார். எதிர்க்கடைக்காரன் கண்ணுதான் காரணம் என்று முடிவுகட்டி, ஒரு செவ்வாய்க்கிழமை மிளகாய் வத்தலும் இரண்டு கை கல்லுப்பும் எடுத்து அண்டாவைச் சுற்றித் தீயில் போட்டார். அந்த இரண்டு கை உப்பை அண்டாவுக்குள் போட்டிருந்தால் காரியம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

வீட்டில் பொன்செல்வியிடம் புலம்பினார். "எனக்குக் கை போச்சு புள்ள. கடைய யாருக்காவது குடுத்துரலாமான்னு பாக்கேன்." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாமையைப் புடைத்தாள். கஞ்சியில் அந்த வாரச் சிட்டிகையை மட்டும் குறைக்காமல் விட்டாள்.

கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா வந்தது. சுற்றுப்பட்டுக் கிராமம் அத்தனையும் ஊருக்குள் இறங்கும் நாள். அன்றைக்கு இசக்கித்துரை கடையில் கறி கிடையாது, வெறும் சால்னா மட்டுமே. கோழி கிடந்தால் குறையைக் கோழி கொஞ்சம் மூடிக்கொள்ளும். வெறும் சால்னாவுக்கு அந்தத் துணையும் இல்லை. அன்றைக்குத் தப்பினால் மேலநீலிதநல்லூர் வரைக்கும் பேர் நாறிப்போகும் என்று அவருக்குத் தெரியும்.

தபசு அன்று வெங்காயம் உரிக்க ஆள் பத்தாது என்று பொன்செல்வியும் சிஹாபுதீன் ஆட்டோவில் கடைக்கு வந்திருந்தாள். ஐந்து மணிக்கு அண்டா கொதித்தது. இசக்கித்துரை உப்புப் போட்டார், நக்கினார், போட்டார், நக்கினார். கை நின்றது. "சரியா இருக்கு" என்றார். சங்கரசுப்பு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு உப்புக் கிண்ணங்களை நிரப்பினார். இப்போது மேஜைக்கு ஒன்று.

மேஜை மேஜையாகக் கிண்ணம் போவதை இசக்கித்துரை பார்த்தார். முதுகு வளைந்து மைதா மூட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

பொன்செல்வியால் அதைத் தாங்க முடியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், கரண்டியைப் பிடுங்கி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள்.

"நாலு கை குறையுது" என்றாள். "பெருஞ்சீரகம் சரி. தேங்கா போன வாரத்தவிட கூட. மில்ல மாத்துனதுக்குப் பொறவு காரம் தூக்கல்."

இசக்கித்துரை மெதுவாக நிமிர்ந்தார். "போன வாரம் நீ எங்கன சாப்ட்ட?"

சிஹாபுதீன் ஆட்டோவில் ஏதோ கோளாறு என்பதுபோல ஓடிப்போய்க் குனிந்துகொண்டார்.

பொன்செல்வி ஒளிக்கவில்லை. ஆறு பரோட்டாவில் இரண்டு தனக்குத்தான் என்றாள். ஏழேகாலுக்குச் சிஹாபுதீன் வீட்டு அடுப்படியில் வைத்துத்தான் சாப்பிட்டாள். பகலெல்லாம் சாமையும் புழுக்கத்திரிக்காயும் தின்ற வாய்க்கு அது ஒன்றுதான் ஆறுதல். உப்புப் பத்தவில்லை என்று முதலில் சொல்லி அனுப்பியதும் அவள்தான்.

"வீட்டுலயும் நாந்தான் கொறச்சேன். வாரத்துக்கு ஒரு சிட்டிகை. அதுலதான் ஒங்க நாக்கு மாறிப்போச்சு. அதுதான் கடையில வந்து நிக்குதுன்னு எனக்கு ஆனியிலயே தெரியும். சொன்னா உப்பு, பரோட்டா ரெண்டும் வெளிய வரும்னு வாய மூடிக்கிட்டேன்." அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஒங்க அண்ணாச்சி வாயத் தொடச்சுவிட ஆளு தேடிக் கெடக்காவ. நீங்களும் அப்பிடிக் கெடந்தா நான் என்ன செய்வேன்? சால்னா பெருசா எனக்கு?"

இசக்கித்துரைக்குக் கோபம்தான் வர வேண்டும். வந்தது என்னவோ பெரிய நிம்மதி. கை போகவில்லை. நாக்குதான் வீட்டோடு போயிருக்கிறது. "போடுட்டி நாலு கை" என்றார்.

அவள் போட்டாள். அன்று ராத்திரி அண்டா இரண்டு தடவை காலியானது. சங்கரசுப்பு கிண்ணங்களை அவராகவே எடுத்துக் கழுவிக் கவிழ்த்தார்.

அதன்பின் தினமும் ஐந்து மணிக்குப் பொன்செல்வி ஆட்டோவில் வந்து இறங்கினாள். நாக்கு மாறாமல் இருக்க வேண்டும் என்று இரண்டு பரோட்டாவைச் சால்னாவில் முக்கி, கடை நடுவில் உட்கார்ந்து, கடமையாகச் சாப்பிட்டாள். இசக்கித்துரை கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புரட்டாசியில் மறுபடி முகாம். இசக்கித்துரைக்கு நூற்று முப்பது. டாக்டர் அம்மா கைகொடுத்துப் பாராட்டினார். சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்று பொன்செல்வியும் கையை நீட்டினாள். நூற்று ஐம்பத்தைந்து.

"வெளிச் சாப்பாடு அதிகமாம்மா?"

"வெளிய எங்கயும் சாப்புட மாட்டேன் டாக்டர். எங்க கடையிலதான்."

இசக்கித்துரை சிரிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். பாத்திரக் கடையில் ஏறி ஒரு உழக்கு வாங்கினார். அன்று சாயங்காலம் பொன்செல்வி அள்ளிய ஒவ்வொரு கை உப்பையும் அண்டாவுக்குப் போகும் முன் உழக்கில் வாங்கி அளந்தார். பிறகு கரித்துண்டை எடுத்து, இருபத்திரண்டு வருஷமாகச் சாமி படம் தவிர எதுவும் இல்லாத சுவரில் பெரிய எழுத்தில் எழுதினார்: அண்டாவுக்கு உப்பு இரண்டே கால் உழக்கு.

சங்கரசுப்பு வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். "மருந்துக்கடை எப்பம் தொறந்தீங்க அண்ணாச்சி?"

"இன்னைக்குத்தான்வே" என்றார் இசக்கித்துரை. "இனிமே யாரும் நக்க வேண்டாம். ஏட்டி, ஒனக்கும் நாளையிலருந்து கஞ்சிதான். ரெண்டு பேரும் சேந்தே குடிப்போம்."

பொன்செல்வி அவரையே பார்த்தாள். நாக்கின் பெருமையை அழித்துவிட்டுத்தான் அவர் அந்தச் சுவரில் எழுதினார் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் ஏழு மணிக்குச் சிஹாபுதீன் வந்து, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பார்சல்... நாலா, ஆறா?"

"நாலு" என்றார் இசக்கித்துரை.

மைதா மூட்டைக்குப் பின்னாலிருந்து கஞ்சிக் கிண்ணத்தோடு பொன்செல்வியின் குரல் வந்தது. "ஒரேயடியா நிறுத்தக்கூடாதுங்க, வீட்டுல கலவரம் வரும். மாசத்துக்கு ஒண்ணுதான். இந்த மாசம் அஞ்சு."