தூக்கிப் பார்த்து வாங்கிய ஸ்கேட்போர்டு

லிஃப்ட் மெக்கானிக்குக் கடைசி எச்சரிக்கை வந்துவிட்டது. இன்னொரு முறை தாமதமாகப் போனால், அவர் பார்த்துவரும் கட்டடங்களை எல்லாம் அதே வேலை பார்க்கும் அவருடைய மச்சினனிடமே கொடுத்துவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். பஸ்ஸை நம்பி இனிப் பிழைக்க முடியாது. மனைவியோடு மின்சார ஸ்கேட்போர்டு கடைக்கு வந்துவிட்டார்.

"இந்தக் கறுப்பு, சிவப்பு ரெண்டுமே விலை கம்மிதான் சார். மோட்டார் சக்கரத்துக்குள்ளயே இருக்கு, சத்தம் அதிகம் வராது," என்றார் கடைக்காரர். "கறுப்புல பெரிய பேட்டரி, மேடெல்லாம் ஏறும். சிவப்பு அதுல பாதி தூரம்தான் போகும். ஓட்டிப் பாருங்க."

மெக்கானிக் ஓட்டவில்லை. கறுப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடையின் மாடிப்படியில் ஏறி, மூச்சு வாங்க இறங்கினார். பிறகு சிவப்போடு ஏறி, மூச்சு வாங்காமல் இறங்கினார்.

"ஏங்க, ஓட்டறதுக்கு வாங்குறீங்களா, தூக்கிக் கொஞ்சறதுக்கா?" மனைவிக்கு மானம் போயிற்று.

"நான் போற எடத்துல என்னைக்குடி லிஃப்ட் ஓடியிருக்கு?" என்றார் மெக்கானிக். "மெஷின் ரூம் மொட்டை மாடியில. இதைக் கீழ வச்சா எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்."

கடைக்காரருக்கே கண் கலங்கிவிட்டது. சிவப்பையே வாங்கினார்கள்.

மறுநாள் பாதி வழியிலேயே சார்ஜ் தீர்ந்தது. மெக்கானிக் அசரவில்லை. போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவெல்லாம் ஓடினார், எட்டு மாடியும் ஏறினார். மொட்டை மாடியில் காத்திருந்த மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்து அசந்துபோனார்.

"சொன்ன நேரத்துக்கு வந்துட்டியேப்பா! வண்டி எப்படி?"

"தூக்கறதுக்கு அருமையா இருக்கு சார்!"