முப்பது மார்க்குக்குக் குறைந்தவர்

பக்கத்து வீட்டு வெண்டல் கிராண்ட்ஸ் தன் வேனைக் கராஜுக்குள் பின்னோக்கி விடுகிறார். முதல் முறை இடது சக்கரம் கோட்டின்மேல் அழகாக நிற்கிறது. வலது சக்கரம் என் புல்வெளியில் ஏறுகிறது. மறுபடி எடுக்கிறார். இப்போது வலது சரி. இடது, தெருவோரம் நிற்கும் என் குப்பைத்தொட்டியைச் சாய்க்கிறது. இறங்கி வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தீர்ப்புச் சொல்கிறார்: "மொத தடவ எடது ஜோர். ரெண்டாந்தடவ வலது ஜோர். ரெண்டையும் கூட்டுப்பா, நூத்துக்கு நூறு!" தொட்டியை நிமிர்த்த வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றியதே இல்லை.

கராஜ் கதவு பழுதுபார்ப்பது அவர் தொழில். எங்கள் ஒஹையோ ஊரில் பாதிக் கதவுகள் அவர் கைபட்டவைதான். இந்தக் கூட்டல் வியாதி மட்டும் மகள் மேரன் எழுதும் எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்விலிருந்து தொற்றியது. பிள்ளை எத்தனை முறை எழுதினாலும், ஒவ்வொரு பகுதியிலும் எடுத்த உச்சத்தை மட்டும் பொறுக்கிக் கூட்டிக்கொள்ளும் கல்லூரிகள் உண்டு. வெண்டல் அதை வாழ்க்கைக்கே விதியாக்கிவிட்டார். எடை பார்ப்பதும் அப்படித்தான், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் விளையாடுவதும் அப்படித்தான். மனைவி டார்லீன் ஒருநாள் சொன்னாள்: "அப்ப நானும் கூட்டிக்கறேன். கல்யாணத்தன்னிக்கு இருந்த முடி, மொத வாரம் பாத்திரம் கழுவின கை. மிச்ச வெண்டல யாராவது தூக்கிட்டுப் போங்க."

மேரனுக்குப் பதினேழு வயது. கடல் உயிரிகளைப் படிக்க ஆசை. ஒஹையோவில் கடல் கிடையாது. கடலோரம் பாஸ்டன் பக்கம் ஒரு கல்லூரியில் மனதை வைத்திருந்தாள். அங்கே நுழைகிற பிள்ளைகள் ஆயிரத்து அறுநூறுக்கு ஆயிரத்து ஐந்நூறு வாங்குகிறார்கள் என்று வெண்டல் எங்கேயோ படித்துவிட்டார். ஐந்து முறை எழுதி, உச்சங்களைக் கூட்டியும் அவள் கணக்கு ஆயிரத்து நானூற்று எழுபதில் நின்றது. "இன்னும் முப்பதுதானே கண்ணு! முப்பதெல்லாம் ஒரு மார்க்கா?" காலை உணவின்போது இதைச் சொன்னார். சர்ச் வாசலில் சொன்னார். தன் அத்தையின் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போதுகூடத் திரும்பிப் பார்த்துச் சொன்னார். மேரன் ஓட்டுநர் உரிமம் வாங்கி ஆறு மாதமாகியும் வண்டிச்சாவி கைக்கு வரவில்லை. வேனில் ஏறினால் அவள் கணக்குச் சூத்திர அட்டைகளைப் புரட்ட வேண்டும்.

கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்புமுன் ஒரே ஒரு தேர்வுதான் மிச்சமிருந்தது. பதிவு திறக்கும் நிமிஷத்தில் தடுமாறக்கூடாது என்று வெண்டல் தேர்வு இணையதளத்தில் தன் பெயரிலேயே ஒரு கணக்குத் தொடங்கி, தன் படத்தையும் ஏற்றி, ஒரு வாரம் ஒத்திகை பார்த்தார். உள்ளூர்ப் பள்ளிகளில் இடம் நிரம்பிவிட, பக்கத்து மாநிலமான இண்டியானாவில் ஒரு பள்ளியின் கடைசி நாற்காலியைப் பிடித்துவிட்டார். அவர் போட்ட கூச்சலில் என் நாய் சோபாவுக்கடியில் போய்விட்டது. நுழைவுச்சீட்டை அச்செடுத்து லேமினேட் வேறு செய்தார். அதிலிருந்த மீசைக்காரரின் படத்தை மட்டும் பார்க்கவில்லை.

அங்கே நடந்ததை மேரன் சொல்லித்தான் கேட்டேன். இரண்டரை மணி நேரம் ஓட்டிப் போய் வாசலில் நீட்டினால், பட்டியலோடு நின்ற அம்மாள் சீட்டைப் பார்க்கிறாள், வெண்டலைப் பார்க்கிறாள்.

"பேரு உங்க பேரு, படம் உங்க படம். பரீட்ச நீங்கதான எழுதணும்?"

"நான் கராஜ் கதவு ரிப்பேர் பண்றவன்மா!"

"அதனால என்ன ஸார். லேப்டாப்ல சார்ஜ் இருக்கா?"

வெண்டலுக்கு முகம் வெளிறிவிட்டது. ஒத்திகைக் கணக்கிலேயே பதிவு செய்து மகளுடைய கடைசி வாய்ப்பைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. மேரன் லேப்டாப்பையும் கால்குலேட்டரையும் அவர் கையில் கொடுத்தாள்.

"நாற்காலி ஏன் சும்மா கெடக்கணும்? உள்ள போப்பா. ஆயிரத்து ஐந்நூறுதானே. அதெல்லாம் ஒரு மார்க்கா?"

போய்விட்டார் மனிதர். மகள் வேனில் படுத்து, ஒரு வருஷத்தில் முதல்முறையாகச் சனிக்கிழமை காலையில் தூங்கினாள். மதியம் வெளியே வந்தவரின் சட்டை நனைந்திருந்தது. "நாலாவது கேள்வியிலயே ஒரு ரயில் வந்துது கண்ணு," என்றார். "கெளம்பினது தெரியும். போய்ச் சேந்துதான்னு தெரியல." சட்டையை உதறிக்கொண்டே, "இதையா நீ அஞ்சு தடவ எழுதின?" என்று கேட்டார். பிறகு சாவியை அவள் கையில் வைத்தார். வழியில் பேசியது ஒரே வாக்கியம்: "இருக்கறத அனுப்பிடலாம்."

அவர்கள் திரும்பியபோது நான் வாசலில் இருந்தேன். மேரன் ஒரே முறைதான் பின்னோக்கி விட்டாள். வேன் கராஜுக்குள் கோணலாக நின்றது. என் குப்பைத்தொட்டி உருண்டது.

"இன்னொரு தடவ எடுக்கட்டுமாப்பா?" என்று எட்டிப்பார்த்துக் கேட்டாள்.

வெண்டல் இறங்கி வந்தார். என் தொட்டியை நிமிர்த்தி வைத்தார். மகள் வேனைவிட்டு வெளியே வரும்வரை காத்திருந்து, கராஜ் கதவை இழுத்துச் சாத்தினார்.