கம்ஷாத்தின் வலது கை

கம்ஷாத்தின் முகம் தெரிந்தவர்கள் கசாக்ஸ்தானின் அல்மாத்தி நகரத்தில் நூறு பேர் இருந்தால் அதிகம். அவளுடைய வலது கையோ நாடு முழுவதற்கும் தெரியும். டிராமில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் அந்தக் கையையே பார்ப்பாள், எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நெற்றியைச் சுருக்குவாள். அவளுக்கு நினைவு வருவதற்குள் கம்ஷாத் இறங்கிப் போயிருப்பாள். என்னைக் கேட்டால் அந்தக் கைக்குச் சதுக்கத்தில் ஒரு சிலையே வைக்கலாம். குதிரைமேல் ஏறி உட்கார்ந்தவனுக்கெல்லாம் வைக்கிறார்களே!

பஞ்சாலையை மூடியபிறகு தொலைக்காட்சி நிலையத்தின் கேன்டீனில் தேநீர் ஊற்றும் வேலைக்கு வந்தவள் அவள். வயது ஐம்பத்து மூன்று. கணவன் போய் எட்டு வருடம். ஒரே மகள் மெருயெர்த்தைக் கரகந்தாவில் கட்டிக் கொடுத்திருந்தாள். கேன்டீனில் செய்தி வாசிப்பவரிலிருந்து தரை துடைப்பவர் வரை யாருக்குப் பால் எவ்வளவு, யாருக்கு வெண்ணெய் தடவிய ரொட்டி என்று அவளுக்குத் தெரியும். வாய் ஓயாது, சிரிப்பும் ஓயாது. ஆனால் ஏப்ரன் பையில் கைக்குட்டையில் சுற்றி ஒரு மோதிரம் எப்போதும் இருக்கும். அதைத் தொட்டுப் பார்க்கும்போது மட்டும் பேச்சு நின்றுவிடும்.

அந்த மோதிரத்தின் கதையைச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. பெண்ணின் தாய் மாப்பிள்ளையின் தாய்க்குப் போடும் சம்பந்தி மோதிரம் அது. அகலமான வெள்ளி, ஒரே வளையத்தில் இரண்டு விரல் நுழையும். இரண்டு குடும்பம் ஒன்றானது என்று அர்த்தம். மெருயெர்த்தின் கல்யாணத்தில் கம்ஷாத் அதைச் சம்பந்தி ஒரின்ஷாவின் விரல்களில் போட்டாள். மறுநாள் காலையில் அதுவே மேசையில் கிடந்தது.

நடந்தது இதுதான். வீட்டில் நாற்பது விருந்தாளிகள். இரண்டு நாளாகக் கம்ஷாத்துக்குத் தூக்கமில்லை. சமோவார் என்ற வெந்நீர்க் கலத்தின் குழாயைத் திறந்து சம்பந்தியின் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருக்கும்போது அடுக்களையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள், திரும்பிப் பார்த்தாள், கிண்ணம் விளிம்பு வரை நிரம்பிவிட்டது. கவனிக்காமல் அப்படியே நீட்டிவிட்டாள். எங்களிடம் விருந்தாளியின் கிண்ணத்தில் பாதிக்கும் கீழேதான் ஊற்றுவோம். தீரத்தீர வாங்கி ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் மரியாதை. நிரப்பிக் கொடுத்தால், “குடிச்சுட்டு நடையைக் கட்டு” என்று சொன்னதாகும். ஒரின்ஷா கிண்ணத்தைப் பார்த்தாள். கடைசிச் சொட்டுவரை குடித்தாள், மோதிரத்தைக் கழற்றிக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தாள், கோட்டை மாட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டாள். கம்ஷாத்துக்கு அந்த நேரத்தில் வாயே வரவில்லை. நாற்பது பேர் பார்க்க மரம் மாதிரி நின்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம். பேத்தி பிறந்தாள், போட்டோ மட்டும் தபாலில் வந்தது. மகளை அனுப்ப மாட்டார்கள். அழைக்காமல் சம்பந்தி வீட்டு வாசலை மிதிப்பதும் முறையில்லை. சம்பந்திக்குக் கடிதம் எழுதினாள், பதில் இல்லை. பேத்தி தவழ்வதைப் பார்க்காமலேயே போய்விட்டது. நடப்பதையாவது பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆசை.

இந்த நிலைமையில்தான் சாரிகுல் தேயிலைக்காரர்கள் விளம்பரம் எடுக்க நிலையத்துக்கு வந்தார்கள். அந்த நாளில் விளம்பரம் எங்களுக்குப் புதுசு. சீரியலின் நடுவே அடுக்களைக்குப் போனவர்கள் விளம்பரத்துக்காக ஓடி வருவார்கள். இயக்குநர் சன்ஜார் இருபத்தெட்டு வயதுக்காரன், கெட்டிக்காரன், ஆனால் அவசரக் குடுக்கை. அவன் கூட்டி வந்த நடிகைக்கு நீளமான சிவப்பு நகம், சமோவாரைத் திறக்கத் தெரியாமல் இரண்டு தடவை சுட்டுக்கொண்டாள். சன்ஜார் நேரே கேன்டீனுக்கு வந்தான்.

“அக்கா, உங்க கையைக் கொஞ்சம் இரவல் குடுங்க.”

“திருப்பித் தருவியா?”

“சத்தியமா. முகம் வராது, கை மட்டும்தான்.”

கம்ஷாத் விளக்குகளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். முதலில் பால், பிறகு கெட்டிலிலிருந்து டிகாக்‌ஷன், கடைசியில் வெந்நீர். பாதிக்குக் கீழே நிறுத்தினாள்.

“இன்னும் ஊத்துங்க அக்கா.”

“போதும் தம்பி.”

“கேமராவுல காலிக் கிண்ணம் மாதிரி தெரியுது. தளும்பத் தளும்ப ஊத்துங்க.”

“மாட்டேன்.”

“என்னது?”

“மாட்டேன்னா மாட்டேன். நீ கசாக் பையன்தானே? உங்க வீட்டுல எதுல குடிப்பீங்க?”

“கண்ணாடி டம்ளர்லதான். அம்மாவுக்கு வேலை, எனக்கு ஸ்கூல். யாரு உட்கார்ந்து ஊத்திக்கிட்டு இருப்பா?”

“அதான் பார்த்தேன். விருந்தாளியைப் பார்த்து எழுந்து போடான்னு சொல்லிட்டு, எங்க தேயிலையை வாங்குன்னா எவன் வாங்குவான்?”

விளக்குக்காரன் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டான். கம்பெனி மேலாளர் குல்முகான் வழுக்கைத் தலையைத் துடைத்துக்கொண்டார். “அந்தம்மா சொல்றது சரிதாம்பா. இதைப் பார்த்தா என் பொண்டாட்டியே என்னைச் சும்மா விடமாட்டா. எனக்கு எப்படிடா தோணாமப் போச்சு!”

“கிண்ணம் நிறையாம தேநீரை எப்படி சார் காட்டறது?” என்று சன்ஜார் கத்தினான்.

கம்ஷாத்துக்கு எரிச்சல் வந்துவிட்டது. “நிரப்பித்தான் ஆகணும்னா போக வேண்டியவனுக்கு நிரப்பு! மூணு நாளா உட்கார்ந்து அதே குதிரைக் கதையைச் சொல்ற மாமா ஒருத்தர் எல்லார் வீட்டுலயும் இருக்காரே, அவருக்கு நிரப்பு!”

சன்ஜார் அப்படியே கேபிள் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

அந்த விளம்பரம் முப்பது நொடி. தாடிவைத்த மாமா குதிரை வாங்கிய கதையைச் சொல்கிறார். கை கொஞ்சம் ஊற்றுகிறது. மாமா கதையை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார். கை கொஞ்சம் ஊற்றுகிறது. குழந்தைகள் தூங்கிவிழுகிறார்கள். மூன்றாம் தடவை மாமா, “அப்போ அந்தக் குதிரை...” என்றதும் கை ஒரு கணம் நிற்கிறது. பிறகு நிதானமாக, அழகாக, விளிம்புவரை நிரப்புகிறது. மாமா கிண்ணத்தைப் பார்க்கிறார், கையைப் பார்க்கிறார், தொப்பியைத் தேடுகிறார். “சாரிகுல் தேநீர். பிடித்தவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக” என்று ஒரு குரல் சொல்லி முடிக்கும்.

அடேயப்பா! நாடே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தக் கையில் அப்படி ஒரு நடிப்பு! நின்ற அந்த ஒரு கணத்தில் பொறுமை, அலுப்பு, குறும்பு எல்லாம் இருந்தன. பெரிய நாடக நடிகர்கள் முகத்தை எத்தனை கோணம் கோணினாலும் வராதது அது. அடுத்தடுத்து நான்கு விளம்பரங்கள் வந்தன. தொலைபேசி கேட்டு வந்து ஒரு மணிநேரம் பேசும் பக்கத்து வீட்டுக்காரி, மாப்பிள்ளைப் பையனைப் பற்றிப் புளுகும் கல்யாணத் தரகர் என்று வாரம் ஒருவர். வருகிற வாரம் யாருக்குக் கிண்ணம் நிரம்பும் என்று அலுவலகங்களில் பந்தயம். பஸ்ஸில் வழியில் நிற்பவனைப் பார்த்துக் கண்டக்டர், “அண்ணே, உங்க கிண்ணம் நிரம்பிடுச்சு, இறங்குங்க” என்பான். கம்ஷாத் அதே பஸ்ஸில் உட்கார்ந்து கையைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பை ஒரு தொலைபேசி நிறுத்திவிட்டது.

“அம்மா, அது உன் கைதானே?” என்றாள் மெருயெர்த். “கட்டைவிரல் தழும்பைப் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அத்தைக்கும் தெரிஞ்சுபோச்சு. டிவியைப் பட்டுன்னு அணைச்சுட்டாங்க. கிண்ணத்தை நிரப்பி என்னை அனுப்பினது பத்தாதுன்னு ஊரைக் கூட்டி வேற சிரிக்கிறாளான்னு கேட்டாங்க. ஏம்மா இப்படிப் பண்ணினே?”

கம்ஷாத்துக்கு உலகமே இருண்டுபோனது. எரிச்சலில் சொன்ன ஒரு வார்த்தை, ஊரெல்லாம் கொண்டாடிய ஒரு வேடிக்கை, அவளுடைய பழைய தவறையே வாராவாரம் கரகந்தாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது! இது அவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. தேநீர் ஊற்றுகிறவர்களுக்கு ஊற்றுவதிலேயே கவனம், குடிக்கிறவர் முகம் பிறகுதான் தெரிகிறது.

ஒரு வாரம் அழுதாள். எட்டாம் நாள் சன்ஜாரிடம் போனாள். வசந்தத்தில் வரும் நௌரிஸ் புத்தாண்டுப் பண்டிகைக்கு இன்னொரு விளம்பரம் எடுப்பதாக இருந்தது. வரி அதிகாரிக்குக் கிண்ணம் நிரப்பும் கதை எழுதி வைத்திருந்தார்கள்.

“அதை எடுக்காதே. நான் சொல்றதை எடு” என்றாள். மோதிரத்தை மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

சன்ஜார் தலையைச் சொறிந்தான். “அக்கா, ஜனங்க சிரிக்கக் காத்துக்கிட்டு இருக்காங்க. இதுல சிரிப்பு இல்லையே. குல்முகான் ஒத்துக்க மாட்டாரு.”

“கையை இரவல்தானே வாங்கினே? திருப்பிக் குடு.”

குல்முகான் கதையைக் கேட்டார். “என் தங்கச்சிகிட்ட நான் பேசி ஆறு வருஷம் ஆச்சு. எடுங்கய்யா” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

படத்தில் ஒரு கல்யாண வீடு. கூட்டம், சத்தம். கை ஊற்றுகிறது, யாரோ கூப்பிடுகிறார்கள், கிண்ணம் நிரம்பிவிடுகிறது. எல்லாரும் சிரிக்கத் தயாராகிற இடம் அது. ஆனால் கை பதறுகிறது. நீட்டிய கிண்ணத்தைத் திரும்ப எடுக்கிறது, காலிக் கிண்ணம் ஒன்றில் பாதியை ஊற்றுகிறது, ஒன்றை எதிரே வைத்து மற்றதைத் தன் பக்கம் வைத்துக்கொள்கிறது. நடுவில் அந்த மோதிரத்தை வைக்கிறது. அதோடு முடிய வேண்டும். இருபத்தாறு தடவை அப்படித்தான் எடுத்தார்கள், ஒவ்வொரு தடவையும் கை நடுங்கி ஏதாவது சிந்தியது. இருபத்தேழாம் தடவை நடுங்கவில்லை. மோதிரத்தை வைத்துவிட்டுக் கம்ஷாத் தன்னை மறந்து குனிந்தாள், முகம் வெளிச்சத்துக்குள் வந்துவிட்டது. எழுதிக் கொடுக்காத வார்த்தைகள் வாயிலிருந்து வந்தன.

“தவறிடுச்சு சம்பந்தி. உட்காருங்க.”

இரண்டு வருடத்துக்கு முன்னால் வராத வாய்! சன்ஜார் நிறுத்து என்று சொல்ல மறந்து நின்றான். அதை வெட்டாமல் அப்படியே போட்டான் என்பதற்காகவே அவன் கண்ணாடி டம்ளரில் தேநீர் குடித்து வளர்ந்ததை நான் மன்னித்துவிட்டேன்.

நௌரிஸ் அன்று மாலை ஒளிபரப்பானது. யாரும் சிரிக்கவில்லை. எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பெண்மணி இறங்கி முதல் மாடிக் கதவைத் தட்டியதை நானே பார்த்தேன். அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று எத்தனை காலமோ.

கரகந்தாவிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. கம்ஷாத் தினமும் சமோவாரைப் போட்டுவிட்டுத் தனியாகக் குடித்தாள். பதினோராம் நாள், சனிக்கிழமை மத்தியானம், மணி அடித்தது. வாசலில் ஒரின்ஷா. பின்னால் மெருயெர்த். மெருயெர்த்தின் விரலைப் பிடித்துக்கொண்டு, பச்சைத் தொப்பி போட்ட ஒரு குட்டிப்பெண் நின்றுகொண்டிருந்தாள். தன் காலில், தானாக.

கம்ஷாத் குழந்தையைக் கையில் வாரினால் அழுதுவிடுவோம் என்று பயந்து நேரே சமோவாருக்குப் போனாள். கிண்ணத்தில் இரண்டு வாய்க்கு மேல் விழவில்லை. கை அப்படி நடுங்கியது.

“டிவியில நடுங்கலையே இந்தக் கை” என்றாள் ஒரின்ஷா.

“அது இருபத்தேழு தடவை எடுத்தது சம்பந்தி.”

“ம்.” ஒரின்ஷா ஒரு வாய் குடித்தாள். “அந்தக் குதிரை மாமா இருக்காரே, அதைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரிச்சுட்டேன். அப்புறந்தான் கையைப் பார்த்தேன். உன் மேல கோபமா இருக்கிறப்போ என்னைச் சிரிக்க வெச்சுட்டியேன்னுதான் டிவியை அணைச்சேன். அந்த மோதிரம் எங்கே? டிவிக்காரனுக்குக் குடுத்துட்டியா?”

கம்ஷாத் ஏப்ரன் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். ஒரின்ஷா இரண்டு விரலைச் சேர்த்து நீட்டினாள். மோதிரம் கணுவோடு நின்றுவிட்டது.

“பெருத்துட்டீங்க.”

“ரெண்டு வருஷம் ஆத்திரத்துல தின்னேன், பெருக்காம? வெண்ணெயை எடு.”

மெருயெர்த் வெண்ணெயை நீட்ட, கம்ஷாத் அந்த இரண்டு விரலிலும் தடவித் தடவி, கண்ணீரும் மூக்குநீருமாக மோதிரத்தை ஏற்றினாள். குட்டிப்பெண் மேசையைப் பிடித்துக்கொண்டு சுற்றிச்சுற்றி நடந்தாள். ஒரின்ஷா மோதிரம் போட்ட கையாலேயே காலிக் கிண்ணத்தை நீட்டினாள்.

“ஊத்து சம்பந்தி. கொஞ்சம் கொஞ்சமா.”