பரமேஸ் படுத்த பாய்

போன கிழமை ரயிலில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை எனக்கு முன்னால் வந்து இருந்தாள். முதுகில் அவளைவிடப் பெரிய பை. பைக்கு மேல் சுருட்டிக் கட்டின ஒரு பாய். நம்மட பாய் இல்லை, ரப்பர் மாதிரி ஒன்று, நீல நிறம். பையை இறக்கி வைத்தபோது அந்தப் பாய் அவிழ்ந்து என் காலடி வரைக்கும் உருண்டு வந்து விரிந்தது. பிள்ளை பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். நான் இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கிழவிக்கு மூளை தட்டிவிட்டது என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். பாயில் கால் படாமல் ஏன் தூக்கினேன் என்று அவளுக்கு விளங்கப்படுத்த என்னுடைய டொச் பாஷை காணாது. உங்களுக்குச் சொல்லலாம்.

எங்கே பயணம் என்று கேட்டேன். ரைன் ஆற்றுக்குள் இருக்கிற ஒரு தீவின் பேரைச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அது எங்கட தீவு. எங்கட என்றால், நானும் பரமேசும் புஷ்பமும் ஒரு கோடையில் பை தூக்கிக்கொண்டு போன தீவு. அன்றைக்கு நான் போய்க்கொண்டிருந்ததும் பரமேசைப் பார்க்கத்தான். ஆனால் அதைப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் மூன்று பேரும் ஒரு முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கிற அறையில் வேலை செய்தோம். நிலத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. சூடான இஸ்திரி மெசினுக்குள்ளால் விரிப்பு வெளியில் வரும்போது ஒரு மணம் வரும், அவித்த பச்சையரிசி மாதிரி. எனக்கு நெடுகப் பசிக்கும். விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேணும். நான் இரண்டு மூலையைப் பிடிப்பேன், பரமேஸ் மற்ற இரண்டு மூலையைப் பிடிப்பாள். இழுத்து உதறி, மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வருவோம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவள் முகத்துக்குக் கிட்டப் போயிருப்பேன். கட்டின மனிசனைக்கூட நான் அப்படிப் பார்த்தது கிடையாது.

நான் மட்டக்களப்பு. அவர்கள் இருவரும் யாழ்ப்பாணம். இந்த நாட்டுக்கு வந்தால் எல்லாரும் ஒன்று என்று நினைப்பீர்கள். நான் 'பிறகு' என்பதற்கு 'மறுகா' என்று வாய் திறந்தாலே புஷ்பம் தானும் 'மறுகா, மறுகா' என்று பிலாக்கணம் போலச் சொல்லிச் சிரிப்பாள். மட்டக்களப்பார் மந்திரம் போட்டு ஆளைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று ஒரு பழைய கதை அவர்களிடம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் புஷ்பத்துக்கு ஒரு கிழமை போகாது. நானும் விடமாட்டேன். மட்டக்களப்பில் நாங்கள் பேச்சுக்குப் பஞ்சப்பட்ட ஆக்கள் இல்லை.

எங்கட மேற்பார்வைக்காரி, எல்லாரும் சேஃபின் என்று சொல்லுவோம், கோடை வந்தால் விடுமுறைக்கு எங்கே போறீங்கள் என்று கேட்பாள். நாங்கள் வீட்டில் என்போம். அவள் முகத்தை ஒரு மாதிரிக் கோணுவாள், செத்த வீட்டுக்கு வந்தவள் போல. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. அந்த வருசம் தலையை நிமிர்த்தி, தீவுக்குப் போறோம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் தீவு தேடினது. செலவில்லாமல் ஊர் சுற்றுகிற பிள்ளைகள் போகிற தீவு ஒன்று இருக்கிறது, கமக்காரன் ஒருவன் கொட்டிலில் வைக்கோல் பரப்பி வைத்திருக்கிறான், போய்ப் படுக்கலாம் என்று யாரோ சொன்னார்கள்.

எங்களிடம் முதுகுப் பை ஏது? பிள்ளைகளின் பழைய பள்ளிக்கூடப் பைகளைத்தான் தூக்கினோம். என்னுடையதில் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு பச்சை டைனோசர். புஷ்பம் சோறு அவிக்கிற கரண்ட் குக்கரையே காவிக்கொண்டு வந்தாள். கொட்டிலில் கரண்ட் இல்லை. மூன்று நாளும் அந்தக் குக்கரில் உள்ளிதான் உரித்துப் போட்டோம். நான் ஊரில் இருந்து தங்கச்சி அனுப்பின, பன் புல்லில் இழைத்த பன்பாயைச் சுருட்டிப் பைக்கு மேல் கட்டியிருந்தேன். பாய் இல்லாமல் எனக்கு நித்திரை வராது, அவ்வளவுதான்.

பஸ்ஸில் ஏறினவுடனே புஷ்பம் தொடங்கிவிட்டாள். "அக்கா, பாயை அங்காலை வையுங்கோ. எங்களையும் ஒட்டிப் போடாதேங்கோ."

"ஒன்ன ஒட்டிவெச்சு எனக்கென்ன லாபம் புள்ள? மறுகா சோறும் நான்தானே வாயில தீத்தோணும்."

பரமேஸ் சிரித்துச் சிரித்துக் கண் துடைத்தாள். அவளுக்கு அந்த நேரம் மனது நல்லாக இருந்தது. அவளுடைய மகன் கோபியும் என் மகள் சுகியும் ஒருவரையொருவர் விரும்பி, இரண்டு வீட்டிலும் கதைத்து, தையில் கலியாணத்தை வைப்போம் என்று முடிவாகியிருந்தது. என்னைச் 'சம்பந்தி' என்று கூப்பிட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுவிட்டுத் தானே வெட்கப்படுவாள்.

தீவைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததுதான் அந்தத் தீவு. ஒரு மரப்பாலம், பேரிக்காய் மரங்கள், கொட்டில், சுத்தி ஆறு. மரத்துக்கு மரம் துணி ஊஞ்சல் கட்டிப் பிள்ளைகள் கிடந்தார்கள். ஒருவன் கித்தார் வாசித்தான், ஒரே இடத்தில் பிழைவிட்டு. சும்மா கிடக்கிறதுக்கு இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்களே என்று எனக்கு அதிசயம். மறுகா நானும் கிடந்து பார்த்தேன். நல்லாகத்தான் இருந்தது. வாவிக் கரையில் பிறந்தவளுக்குத் தண்ணியைக் கண்டால் இருக்க ஏலாது. உடுத்திருந்த சோட்டியோடு ரைனில் இறங்கி நீந்தினேன். தண்ணி பல்லைக் கிட்ட வைத்தது. அங்கால் போய்த் திரும்பி வரும்போது ஊஞ்சலில் கிடந்த பிள்ளைகள் எழும்பி நின்று கை தட்டினார்கள். யாழ்ப்பாணம் இரண்டும் கரையில் காலை நனைத்துக்கொண்டு குந்தியிருந்தது. அந்தக் கை தட்டலை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

இரண்டாம் நாள் படுக்கப் போகும்போது பரமேசுக்கு வைக்கோல் குத்தி உடம்பெல்லாம் கடி. "அக்கா, கொஞ்சம் தள்ளுங்கோ, நானும் பாயிலை படுக்கிறன்" என்றாள்.

"எடியேய், விடிய எழும்பமாட்டாய், சொல்லிப்போட்டன்" என்றாள் புஷ்பம்.

"எழும்பாட்டி நல்லந்தானே. திங்கக்கிழமை வேலைக்குப் போகத் தேவையில்லை."

மூன்று பேரும் வயிறு நோகச் சிரித்தோம். விடிய பரமேஸ் எழும்பவில்லை.

கண் திறந்திருந்தாள். கையை ஊன்றினாள், முதுகு பாயை விட்டு வரவில்லை. முதலில் நடிக்கிறாள் என்று நினைத்து நான் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கத்தின கத்தலில் பேரிக்காய் மரத்துக் குருவியெல்லாம் பறந்தது. வேர்வைக்குப் பாய் அவளின் கையில் ஒட்டி உரிந்தது. அதைப் புஷ்பம் பார்த்தாள். வருசக்கணக்காகப் பகிடிக்குச் சொன்னவள், அந்தக் கணத்தில் அவளின் முகம் செத்துப்போனது. வைக்கோலில் முழந்தாள் போட்டு என்னைக் கும்பிட்டாள். "அக்கா, நான் சும்மா சொன்னனான் அக்கா. அவிழ்த்து விடுங்கோ. அவள் பிள்ளைகுட்டிக்காரி."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "என்னத்தப் புள்ள அவுக்கிற?" என்றேன். அந்தச் சிரிப்பைத்தான் அவள் பிறகு ஊரெல்லாம் சொன்னாள், பார்த்துக்கொண்டு சிரித்தவ என்று.

புஷ்பம் கமக்காரனைக் கூப்பிட ஓடினபோது பரமேஸ் என் சோட்டியைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, இது பழைய நோ. ஊசி போட்டுப் போட்டுத்தான் வேலை செய்யிறன். சேஃபினுக்குத் தெரிஞ்சால் நிப்பாட்டிப் போடுவா. புஷ்பத்தின்ரை வாய் தெரியுந்தானே. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ." அவளின் மனிசனுக்கு வேலை இல்லை. அவளின் சம்பளத்தைக் காட்டித்தான் அந்தக் குடும்பத்துக்கு விசா. எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன்.

கமக்காரனும் ஊஞ்சல் பிள்ளைகளும் வந்து, அவளை அசைக்கப்படாது என்று பாயோடு தூக்கித் தள்ளுவண்டிலில் வைத்து, மரப்பாலத்தால் உருட்டிக்கொண்டு போனார்கள். அக்கரையில் டாக்டர் ஊசி போட்டார், பின்னேரம் எழும்பி நடந்தாள். இவ்வளவுதான் நடந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் அது, ஆஸ்பத்திரியில் பாயைக் கத்தியால் வெட்டி எடுத்ததாக வளர்ந்திருந்தது. அன்னதானத்துக்கு நான் கொண்டுபோன சம்பலை ஒருத்தரும் தொடவில்லை. முழுச் சட்டியோடு ரயிலேறி வந்தேன். வேலையில் பரமேஸ் பல்லைக் கடித்துக்கொண்டு விரிப்பு மடித்தாள், புஷ்பத்தோடு. நான் தலையணை உறைக்கு மாறினேன். அதற்கு ஒரு ஆள் போதும்.

பிறகு ஒருநாள் பரமேசிடமிருந்து போன் வந்தது. "அக்கா, இவர் விருப்பமில்லை எண்டுறார். கோபியும் ஒண்டும் கதைக்கிறான் இல்லை. சனம் ஒரு மாதிரிக் கதைக்குது."

"என்ன நடந்த எண்டு நீ சொல்லன் கா சனத்துக்கு."

"என்னெண்டு அக்கா சொல்றது" என்றாள். வைத்துவிட்டாள்.

மகளுக்கு உண்மையைச் சொன்னேன். "அப்ப போய்ச் சொல்லுங்க எல்லாருக்கும்" என்றாள். சொல்லமாட்டேன், வாக்குக் கொடுத்தது என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "என்ன விட உங்களுக்கு வாக்குப் பெரிசு. இந்த நாட்டுல படுக்கிறத்துக்கு வேற ஒண்டும் கிடைக்கலியா உங்களுக்கு?" கத்திரிக்கோலால் பாயை நறுக்கிக் குப்பைப் பையில் திணித்தாள். பன் நறுக்கின வாசம் இரண்டு நாள் வீட்டுக்குள் நின்றது. இப்போது ஜெனீவாவில் இருக்கிறாள், தனியாக. வருசத்தில் ஒருதரம் வருவாள். வந்தால் சோபாவில்தான் படுப்பாள். இன்றைக்குக் கேட்டாலும் நான் வாக்கை மாற்றமாட்டேன். நான் அப்படிப் பிறந்தவள்.

ரயில் பிள்ளையிடம், அங்கே வைக்கோலில்தானே படுப்பாய் என்று கேட்டேன். வைக்கோலா என்று சிரித்தாள். கமக்காரன் செத்துப்போனானாம். கொட்டிலை இடித்துச் சாவி போட்ட அறைகள் கட்டியிருக்கிறார்களாம். இவள் கூடாரம் அடிக்கப் போகிறாள். நான் இறங்கும்போது பாயை எனக்காகச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள், நல்ல பிள்ளை.

பரமேஸ் இருக்கிறது வேறெங்கும் இல்லை, நாங்கள் துணி தோய்த்த அதே இல்லத்தில்தான், மேல் மாடியில். முதுகு முற்றாக விட்டுவிட்டது, ஞாபகமும் கலங்கிவிட்டதாம். இத்தனை வருசமும் அவள் என்னைத் தேடவில்லை, நானும் போகவில்லை. இனி அவளுக்கு வேலை போகப் போகிறதில்லை. வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லட்டும், மகளிடம் கொண்டுபோவோம் என்றுதான் போனேன்.

மெலிந்துபோய்க் கிடந்தாள். அவளுக்குக் கீழே விரிப்பு சுருண்டு கிடந்தது. கை சும்மா இருக்குமா, இரண்டு மூலையைப் பிடித்து இழுத்தேன்.

என்னைக் கண்டதுதான். "தொடாதை!" என்று வீரிட்டாள். "இவளை வெளியிலை விடுங்கோ! ஒட்டிப்போட்டாள் என்னை! இவளின்ரை பாயிலை படுத்த நாள் தொடக்கம் நான் எழும்பேல்லை!"

கண்ணைப் பார்த்தேன். பொய் இல்லை. பழைய நோவும் ஊசியும் என் சோட்டியைப் பிடித்ததும் எல்லாம் போய்விட்டது. அவள் அதை நம்புகிறாள்.

பராமரிக்கிற பிள்ளை ஓடிவந்தாள். தமிழ்ப் பிள்ளை, இங்கேயே பிறந்தவள். பரமேசின் தோளைத் தடவிக்கொண்டு என்னைக் கேட்டாள். "ஒட்டிறது எண்டு என்ன சொல்றா அன்ரி? பிளாஸ்டரோ?"

"ஓம் புள்ள" என்றேன். "பிளாஸ்டர்தான்."

அந்தக் கதையே இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. வைக்கோலும் கொட்டிலும் போய், பாயும் குப்பையோடு போய், என்னைப் பார்த்துச் சிரித்த பகிடியும் போய்விட்டது. நான் மற்ற இரண்டு மூலையையும் இழுத்துச் சரிபண்ணிவிட்டு வந்தேன். பரமேஸ் மட்டும் இன்னும் அந்தத் தீவில்தான் கிடக்கிறாள், என் பாயில்.