பெயரெழுதாத ஒரே சீட்டு

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் எச்.ஐ.வி. முதல் ஆணுறை வரை பேசுவது என் வேலை; என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் என் அம்மா "டீச்சர் மாதிரிங்க" என்று சொல்லிக் காபி எடுக்கப் போய்விடுவார். வெளியே சொல்ல முடியாத வேலை பார்க்கும் சக பாவப்பட்ட ஜென்மங்களே, இது உங்களுக்காக.

ஆடிக் காற்று

சோமனூர்ப் பக்கம் ஒரு பள்ளி, பத்தாம் வகுப்பு. தலைமையாசிரியர் தங்கமான மனிதர். "ஆடிக் காத்துங்க, ஒரே புழுதி" என்று எல்லா ஜன்னலையும் தன் கையாலேயே சாத்தினார். புழுதிக்கா, என் வாய்க்கா என்று எனக்குத் தெரியாதா! வெளியே போய்க் கதவையும் சாத்தினார்.

உள்ளே நாற்பத்தோரு பிள்ளைகளோடு வெந்துகொண்டே நோய் எப்படிப் பரவும், எப்படித் தடுக்கலாம், வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வது என்று போய், ஆணுறைக்கு வந்தேன். குரல் தானாகத் தணிந்தது. கதவு லேசாகத் திறந்து தலைமையாசிரியரின் தலை தெரிந்தது.

"ஏனுங்க மேடம், கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, வெளிய ஒண்ணும் கேக்கறதில்லீங்க."

அனுப்புநர், பெறுநர்

கேட்க வெட்கமாயிருந்தால் எழுதிப் போடுங்கள், பெயர் வேண்டாம் என்று ஒரு மிக்சர் டப்பாவை வைத்தேன். பரீட்சைக்குக் கடிதம் எழுதிப் பழகிய கைகள் சும்மா இருக்குமா? "பொருள்: ஒரே டம்ளரில் டீ குடித்தால் எச்.ஐ.வி. வருமா என்பது தொடர்பாக." கீழே இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள, முழுப் பெயர், பிரிவு, இடம், நாள். நாற்பது சீட்டிலும் இதே கதை. விழுந்து விழுந்து சிரித்தேன்.

நாற்பத்தோராவது சீட்டில் பெயர் இல்லை. "தைப்பூசக் கடையில் மூன்று பேர் ஒரே ஊசியில் பச்சை குத்திக்கொண்டோம். எனக்கு எச்.ஐ.வி. வந்திருக்குமா?" சிரிப்பு நின்றுவிட்டது. ஊசியைப் பற்றிப் பாடம் நடத்திப் பயமுறுத்தியதே நான்தான். வருகைப் பதிவேட்டில் மற்ற நாற்பது பேரை அடித்துவிட்டால் யார் என்று யாருக்கும் தெரிந்துவிடும். அடுத்த பீரியடுக்கு வந்த தமிழாசிரியை வேறு, பிழை திருத்தித் தருகிறேன் என்று கையை நீட்டினார். டப்பாவைப் பையில் திணித்துக்கொண்டு, இன்டர்வெல்லில் வேப்பமரத்தடியில் இருப்பேன் என்று பொதுவாகச் சொன்னேன்.

கோகிலா வந்தாள். மணிக்கட்டில் கைக்குட்டை கட்டியிருந்தாள். வாய்ப்பு குறைவுதான், ஆறு மாதம் ஆகிவிட்டதால் ஒரே ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், ஆனால் வீட்டில் கையெழுத்து வேண்டும் என்றேன்.

"ஊசிக்குப் பயமில்லீங்க மேடம், எங்கப்பாவுக்குத்தானுங்க பயம். நீங்களே சொல்லிப்போடுங்க."

தறிக் கொட்டகை

அப்பா சுப்பிரமணி விசைத்தறி ஓட்டுகிறவர். பத்துத் தறி ஓடும் கொட்டகையில் காது அடைத்தது. இந்தச் சத்தத்தில் ரகசியத்துக்கு என்ன குறை என்று அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்தது, பிறகு கண் கலங்கியது. துண்டால் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. தறி ஓட்டுகிறவர்கள் காதால் கேட்பதில்லை, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்கள். கொட்டகையே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது! அவமானத்தில் அங்கேயே புதைந்துவிடலாம் போலிருந்தது. பக்கத்துத் தறிக்காரர் வந்து சட்டைக் கையை மடித்தார். புஜத்தில் புது மயில். என் காதருகே கத்தினார்.

"நானும் அதே கடையிலதானுங்க குத்துனேன், பாப்பாகூட எனக்கும் ஒரு டெஸ்ட் எழுதிப்போடுங்க!"

தேங்காய் பன்

கோகிலா, அவளோடு பச்சை குத்திக்கொண்ட இரண்டு தோழிகள், மயில்காரர். ஆஸ்பத்திரியில் நான்கு பேருக்கும் நெகட்டிவ் என்று வந்தது. பட்டது போதும் என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னேன். அவர்களோ வெளியே போய் ஆஸ்பத்திரிக்கே சொல்லிவிட்டார்கள். சுப்பிரமணி தேங்காய் பன் வாங்கி வந்து வாட்ச்மேன் வரைக்கும் கொடுத்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

கோகிலா ஒரு தாளை நீட்டினாள். "பொருள்: நன்றி தெரிவித்தல் தொடர்பாக." அனுப்புநர், பெறுநர், இடம், நாள், ஒன்றும் குறையவில்லை.

"இதுல பேரு எழுதியிருக்கறனுங்க மேடம், பாத்துக்கங்க."

ஜன்னலைச் சாத்தி நான் கட்டிக் காத்த ரகசியங்கள் எத்தனையோ இருக்க, நான் கோட்டைவிட்ட ஒன்றுக்குத்தான் எனக்குப் பன் கிடைத்தது.