பரவாயில்லீங்க

என் வீட்டுக்காரரிடம் யார் எது கேட்டாலும் முதலில் வரும் பதில் ‘பரவாயில்லீங்க’தான். எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையில், சூளையில் பீங்கான் சாமான் அடுக்குவது அவர் வேலை. சூடு தாங்குதா என்று முதலாளி கேட்டால் பரவாயில்லீங்க. கல்யாணப் பந்தியில் குழம்பு வராமல் வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விசாரிக்க வருகிறவரிடமும் பரவாயில்லீங்க. ஒருத்தர் அக்கறையாகக் கேட்கும்போது குறை சொல்வது மரியாதை இல்லை, அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான் வளர்ந்திருக்கிறார்கள். கட்டிக்கொண்டு வந்த புதிதில் எனக்கே அது அழகாகத் தெரிந்தது. அது அவர் உயிருக்கே உலை வைக்கும் என்று யார் கண்டது?

நானும் அதே தொழிற்பேட்டையில்தான், வேறொரு பீங்கான் கம்பெனி ஆபீஸில் மெயில் பார்க்கிறேன். எழுதினால் யாரும் படிப்பதில்லை என்பது எனக்குப் பழகிப்போன சங்கதி. ‘பியூஸ் கட்டை பெரிய சைஸா, சின்ன சைஸா?’ என்று கேட்டு அனுப்பினால் ‘ஓகே மேடம்’ என்று பதில் வரும். தலையில் அடித்துக்கொண்டு போன் போட்டால், மெயில் போடுங்க என்பார்கள். பிழைப்பு, பல்லைக் கடித்துக்கொண்டு போகலாம்.

போன மழைக்காலத்தில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தெருக்குழாயிலிருந்து குடம் தூக்கி வந்தவர், வாசலில் அதை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். பாண்டியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும், எப்போது என்பதை அவருக்கு இருக்கிற தொந்தரவைக் கேட்டுப் பெரிய டாக்டரம்மா முடிவு செய்வார் என்றார்கள். அந்த அம்மா பார்க்கும் அன்றைக்கு ஒரே கூட்டம். நோயாளி மட்டும் உள்ளே வரலாம் என்று என்னை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். போன சுருக்கில் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

“ரொம்ப நல்லவங்க. கையப் புடிச்சிகிட்டு, எப்படி இருக்கீங்கன்னு கேட்டாங்க.”

“நீங்க என்னா சொன்னீங்க?”

“பரவாயில்லீங்கன்னு சொன்னேன்.”

அடுத்த வாரம் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போது ஆஸ்பத்திரி மெயில் வந்தது. நோயாளி தமக்குத் தொந்தரவு ஏதும் இல்லை என்று தெரிவித்திருக்கிறார், ஆகவே அறுவை சிகிச்சை தள்ளிவைக்கப்படுகிறது, ஆறு மாதம் கழித்து வரவும். முந்தின நாள் ராத்திரியெல்லாம் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மனிதருக்குத் தொந்தரவு இல்லையாம்.

குடம் தூக்கியது, கண் இருட்டியது, படுக்க முடியாதது, எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். ‘தங்கள் மடல் கிடைத்தது, நன்றி’ என்று வந்தது. திரும்ப எழுதினேன். ‘சம்பந்தப்பட்ட பிரிவை நேரில் அணுகவும்.’ லீவு போட்டுவிட்டு பஸ் பிடித்துப் போனேன்.

“மெயில்ல அனுப்புங்க மேடம், டாக்டர் பாப்பாங்க,” என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

“அனுப்பிட்டேம்மா.”

“அப்ப பதில் வரும்.”

“வந்துடுச்சும்மா. ஒங்கள நேர்ல பாக்கச் சொல்லித்தான் வந்துருக்குது. இந்தா பாரு.”

போனை வாங்கி நிதானமாகப் படித்தாள். “ஆமா,” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, “அடுத்து யாருங்க?” என்றாள்.

நெய்வேலி தாண்டும் வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். மறுநாள் விடிந்ததும் எங்கள் பக்கத்துக் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய், என் குறையைத் தாளில் எழுதிச் சாமிக்குப் பிராது கட்டினேன். எழுதிக் கொடுத்தால் படிக்கிறவர் என்று எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான் மிச்சம்.

வீட்டில் தினமும் சண்டை.

“அவுங்க அவ்ளோ அன்பா கேக்கறாங்க. அவுங்க மூஞ்சப் பாத்து, நல்லா இல்லன்னு எப்படி சொல்றது?”

“நாளைக்கி நான் பொட்டழிஞ்சி நிக்கறப்ப அவுங்களா வந்து கேப்பாங்க?”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில், முதல்தடவை வருகிறவரைப் போலப் புதுச்சீட்டு போட்டு மறுபடி டாக்டரம்மாவைப் பார்க்க ஏற்பாடு செய்தேன். இந்தத் தடவையும் என்னை உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று, நானே டாக்டராக உட்கார்ந்து அவரைப் பேசவைத்துப் பழக்கினேன். எப்படி இருக்கீங்க என்றால் ‘பரவா’ என்று ஆரம்பித்து, என் முறைப்பைப் பார்த்து நிறுத்துவார். பாண்டி போகிற பஸ்ஸில்கூட, “மூச்சு வாங்குதுங்க, கண்ணு இருட்டுதுங்க,” என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்துக்கொண்டே வந்தார். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

டாக்டரம்மா அறை மூன்றாவது மாடி. லிப்டுக்கு நின்றுகொண்டிருந்தோம். அங்கே இருந்த வாட்ச்மேன் சும்மா ஒரு பேச்சுக்கு, “என்னாங்க ஐயா, ஒடம்பு எப்படி இருக்குது?” என்று கேட்டார்.

“பரவாயில்லீங்க,” என்றார் இவர், முகமெல்லாம் சிரிப்பாக.

எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. அந்தம்மாவிடமும் இதைத்தான் சொல்லப் போகிறார். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனேன். “லிப்டு ரிப்பேராம். படியில போயிடலாம்.”

ஏன், எதற்கு என்று கேட்கவில்லை, ஏறினார். முதல் மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டாவதில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கொல்கிறேனா, காப்பாற்றுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. போதும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவராகவே எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். மிச்சத்தையும் ஏறினோம்.

வாசலில் இருந்த நர்ஸ் அவரைப் பார்த்ததும் என்னையும் சேர்த்தே உள்ளே விட்டார்.

“வாங்க, எப்படி இருக்கீங்க?” என்றார் டாக்டரம்மா.

இவர் கும்பிட்டார். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தார். காற்றுதான் வந்தது. டாக்டரம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து, அவரைப் படுக்கவைத்து நெஞ்சில் காதுக்குழாயை வைத்தார்.

“எப்போலேருந்து இப்படி இருக்கு? ஏம்மா இத முன்னாடியே சொல்லல?”

ஆத்திரத்தில் அழுதேன். பிறகு குடத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். அந்த வாரத்திலேயே ஆபரேஷன் என்று என் கண்ணெதிரே எழுதினார்.

மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு அவரைத் தள்ளுவண்டியில் வைத்து வார்டுக்குக் கொண்டுபோனார்கள். லிப்டுக் கதவு திறந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“ஓடுதே,” என்றார்.

“ஆமாங்க. அப்பவும் ஓடிச்சி.”

கதவு மூடியது. அவர் மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டாவது மாடியில உசுரு போயிடும்னு நெனச்சேன்,” என்றார், விட்டு விட்டு. “காலு ரெண்டும் வெலவெலத்துப் போச்சு. நெஞ்சுல அப்படி ஒரு வலி. ஒன்னத் திட்டணும் போல இருக்குது.”

“திட்டுங்க,” என்றேன். அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். “இன்னும் சொல்லுங்க.”